பாட்டுக்கு ஜாமீன் யாருங்க?

"டேய், நல்ல பாட்டு ஏதாச்சும் சொல்றா" என்று ஒருத்தன் கேட்கிறான். நாம் என்ன செய்கிறோம்? நாலு லிங்க்கைத் தூக்கி வாட்ஸப்பில் போடுகிறோம். கூடவே ஒரு நெருப்புப் பொம்மை. ரொம்ப அக்கறை இருந்தால் "செம பாட்டு மச்சி, ஹெட்போன் போட்டுக் கேளு" என்று ஒரு வரி. அவன் பதிலுக்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறான். அதோடு சரி. அந்த நாலு பாட்டையும் அவன் கேட்கப் போவதில்லை. கேட்டானா என்று நாமும் விசாரிக்கப் போவதில்லை.

இதற்குப் பெயர் பாட்டுப் பரிமாற்றமாம்!

இன்னிக்கு இந்தப் பழக்கத்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு. இளகிய மனசுக்காரர்கள் இப்பவே எஸ்கேப் ஆகிக்கொள்ளலாம் :-)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் சொன்னது, ஏன் சொன்னது என்ற ரெண்டும் இல்லாத பரிந்துரை, பரிந்துரையே கிடையாது. நம் வீட்டு வாசலில் கிடந்ததைப் பக்கத்து வீட்டு வாசலுக்குத் தள்ளிவிடுகிற வேலை அது. ஒரு பாட்டைச் சொல்கிறவன் அந்தப் பாட்டுக்கு ஜாமீன் நிற்க வேண்டும். நிற்க முடியாதவன் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் மேட்டர்.

பி.காம். படிக்கிற பாவத்துக்கு ஒரு உதாரணம். எங்களுக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881 என்று ஒன்று உண்டு. அதில் என்டார்ஸ்மென்ட் என்று ஒரு பாடம். பாடப்புத்தகத் தமிழில் மேலெழுதுதல். உங்கள் பெயருக்கு வந்த செக்கின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு இன்னொருத்தருக்கு மாற்றிக் கொடுக்கிறீர்கள். செக் பணமாகாமல் திரும்பினால் என்ன ஆகும்? முறைப்படி நோட்டீஸ் வந்தால், செக் எழுதினவர் மட்டுமல்ல, பின்பக்கம் கையெழுத்துப் போட்ட நீங்களும் பொறுப்பு. "நான் வாங்கினதைக் கொடுத்தேன், எனக்கென்ன தெரியும்" என்று கையை உதற முடியாது. அப்படி உதறவேண்டுமென்றால் கையெழுத்தோடு சேர்த்தே எழுதிவிட வேண்டும். சான்ஸ் ரிகோர்ஸ் என்பார்கள். பச்சைத் தமிழில் சொன்னால், "அப்புறம் எங்கிட்ட வராதீங்க சாமி".

நாம் அனுப்புகிற பாட்டு லிங்க் எல்லாமே இந்த ரகம்தான். கையெழுத்தே இல்லாமல், எங்கிட்ட வராதீங்க சாமி ரகம். பிடிச்சால் நான் சொன்னது, பிடிக்கலைன்னா எவனோ அனுப்பினது. எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

சரி, ஜாமீன் நின்று பரிந்துரை செய்வது எப்படி இருக்கும்? அதற்கு வெளியூர் போக வேண்டாம். பீளமேட்டிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் வந்துவிடும் சிங்காநல்லூர். சென்ட்ரல் ஸ்டுடியோ அங்கேதான் இருந்தது. தமிழ் சினிமா முழுக்கச் சென்னைக்குப் போவதற்கு முன்னால் கோயம்புத்தூரிலும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜூபிடர் பிக்சர்ஸ் இங்கிருந்துதான் இயங்கியது. அங்கே இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. அவரிடம் எடுபிடியாக, உதவியாளாக ஒரு பையன். பெயர் எம்.எஸ். விஸ்வநாதன்.

அதன் பிறகு நடந்தது திரையுலகில் பலமுறை சொல்லப்பட்ட கதை. ஜூபிடர் கம்பெனி சென்னைக்கு மாறுகிற நேரம். இங்கே இருந்த ஆட்களை அனுப்பிவிடுகிறார்கள். பையனுக்கும் வேலை போகிற நிலைமை. அப்போது நாயுடு முதலாளியிடம் போய், 1948ல் வந்த 'அபிமன்யு' படத்தில் தன் பெயரில் வந்த மெட்டு உண்மையில் இந்தப் பையன் போட்டது, இவனை விட்டுவிடாதீர்கள் என்று சொன்னாராம். விஸ்வநாதன் சென்னையில் சி.ஆர். சுப்பராமனிடம் சேர்கிறார். 1952ல் சுப்பராமன் திடீரென்று மறைந்தபோது, அவர் பாதியில் விட்டுப்போன படங்களின் இசையை விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முடித்துக் கொடுக்கிறார்கள். மிச்சக் கதை உங்கள் தாத்தா பாட்டிக்கு மனப்பாடம்.

நாயுடு செய்ததைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "நல்ல பையன் சார், செமயா வாசிப்பான்" என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எந்தப் படம், எந்த வேலை என்று குறிப்பாகச் சொன்னார். அதோடு தன் கணக்கில் இருந்த பெருமையில் ஒரு பகுதியை எடுத்துப் பையன் கணக்கில் வரவு வைத்தார். பெயர், காரணம், கையிலிருந்து கொஞ்சம் நஷ்டம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பரிந்துரை. நாம் ஒரு லிங்க்கை அனுப்புகிறபோது நமக்கு என்ன நஷ்டம்? கட்டைவிரல் தேய்மானம் கூட இல்லை.

பெயர் சொல்வது என்பது ஏதோ பண்டிதர்களின் வேலை என்று நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் அது தெருவில் எல்லாருக்கும் இருந்த பழக்கம். 1952ல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டை ஓரங்கட்டியது. "தரமில்லை" என்று காரணம். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957ல் விவித பாரதி ஆரம்பித்துத்தான் டெல்லி சமாளிக்க வேண்டியிருந்தது. இலங்கை வானொலியின் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது பெயர்களைச் சொன்னால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்பவும் முகம் மலர்வார்கள். ஏன்? அவர்கள் பாட்டை வெறுமனே போடவில்லை. படம் இது, பாடியவர் இவர், எழுதியவர் இவர், இசை இவர் என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். நேயர் விருப்பம் என்றால் கேட்டவர் பெயரும் ஊரும் வாசிக்கப்படும். அதாவது பாட்டுக்கும் விலாசம் இருந்தது, பாட்டைக் கேட்டவருக்கும் விலாசம் இருந்தது.

இப்போது நம் குரூப்பில் பாருங்கள். "விஜய் பாட்டு", "சூர்யா பாட்டு", "அந்த ரீல்ஸ் பாட்டு". விஜய்யும் சூர்யாவும் எப்பவாவது பாடியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வாயசைத்த பாட்டை எழுதியவர் யார், பாடியவர் யார், அந்தப் புல்லாங்குழல் யாருடைய மூச்சு? 2012ல் காப்புரிமைச் சட்டத்தையே திருத்தி, பாட்டு எழுதுகிறவரும் இசையமைப்பவரும் தங்கள் ராயல்டி பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று சட்டமாக்கிவிட்டார்கள். நாடாளுமன்றம் அவர்கள் பங்கை ஞாபகம் வைத்திருக்கிறது. தினமும் அவர்கள் பாட்டோடு தூங்கி எழுகிற நமக்குப் பெயர் கூடத் தெரியவில்லை.

அடுத்து கேசட். எங்கள் மாமா வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கிறது. அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் சென்டர் என்று கடைகள். வெற்று கேசட் ஒன்றையும், வெள்ளைத் தாளில் எழுதின பாட்டு லிஸ்ட்டையும் கடையில் கொடுக்க வேண்டும். ரெண்டு நாள் கழித்துப் போனால் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். அறுபது நிமிஷ கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு டஜன் பாட்டு, கூட ஒன்றோ ரெண்டோ. அதனால் ஒரு பாட்டைச் சேர்க்க இன்னொரு பாட்டைத் தூக்க வேண்டும். மாமாவின் அட்டையில் ஒரு பாட்டை எழுதி, அடித்து, மேலே வேறொன்றை எழுதி, மறுபடி பழையதையே எழுதியிருக்கிறார். அந்த அடித்தல் திருத்தல்தான் ரசனை. அவருடைய சிநேகிதர் கையெழுத்திலும் நாலைந்து அட்டைகள் இருக்கின்றன. ஒன்றில் ஓரமாக "ரெண்டாவது சரணம் கவனி" என்று பால்பாயிண்ட் பேனாவில் ஒரு குறிப்பு. பாட்டைக் கொடுத்தவர் காரணத்தையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்.

அந்த கேசட்டை ஓட்ட இப்போது வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லை. ஆனால் லிஸ்ட் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. நம்முடைய லிஸ்ட்? 2024 ஆகஸ்டில் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. அதை நம்பி வருஷக்கணக்காக லிஸ்ட் சேர்த்தவர்கள் அதற்கு முன்னால் எடுத்து வைத்திருந்தால் உண்டு. பரணில் பிஸ்கட் டின்னும் இல்லை, ஓரக்குறிப்பும் இல்லை.

"ஐயோ, பழைய பாட்டி கதை ஆரம்பிச்சுட்டான்" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நிற்க. கேசட் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டேப் சிக்கிக்கொண்டு பென்சில் விட்டுச் சுற்றுகிற அந்த வேலையெல்லாம் யாருக்கு வேண்டும். கேசட் போனது நஷ்டமில்லை. கேசட்டோடு அந்த ஓரக்குறிப்பும் போனது நஷ்டம். வாட்ஸப்பில் ஓரக்குறிப்பு எழுத எவ்வளவு இடம் வேண்டுமானாலும் இருக்கிறது. எழுதத்தான் ஆளில்லை.

சரி, இப்போது ஆப் பக்கம் வருவோம். ஆப் எப்படிப் பாட்டு சொல்கிறது? பல வழிகள் இருந்தாலும் அதில் முக்கியமானது இது. நீங்கள் கேட்ட பாட்டுகளை வேறு யார் யார் கேட்டார்கள் என்று பார்க்கும். அவர்கள் கூடுதலாகக் கேட்டதில் நீங்கள் கேட்காதது எது என்று பார்க்கும். அதை உங்கள் முன்னால் நீட்டும். ஆள் நிறைய இருந்தால் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏற்கெனவே நிறையப் பேர் கேட்ட பாட்டுக்குத்தான் தடயம் நிறைய இருக்கும். தடயம் இருப்பதற்குத்தான் மேலும் ஆள் சேரும். பணம் பணத்தோடு சேரும் என்பார்களே, அதே வட்டிக்கணக்கு.

இதை நானாகக் கதை விடவில்லை. 2006ல் சயின்ஸ் இதழில் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள். கேட்க வந்தவர்கள் சுமார் 14,000 பேர். ஒரு பகுதியினருக்கு எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டவில்லை. மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்து எண்ணிக்கையை மட்டும் காட்டினார்கள். என்ன ஆச்சு தெரியுமா? எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் ஜெயித்த பாட்டு இன்னும் அதிகமாக ஜெயித்தது, தோற்றது இன்னும் கீழே போனது. அதைவிட முக்கியம், ஒரு உலகத்தில் ஜெயித்த பாட்டு இன்னொரு உலகத்தில் ஜெயிக்கவில்லை. ரொம்ப நல்ல பாட்டு அனேகமாகத் தோற்கவில்லை, ரொம்ப மட்டமான பாட்டு அனேகமாக ஜெயிக்கவில்லை. நடுவில் இருந்த அத்தனைக்கும் முதலில் வந்த நாலு பேர் எதைத் தொட்டார்கள் என்பதுதான் தலையெழுத்து.

ஆக, "பத்து கோடி வியூஸ்டா" என்பது ஒரு காரணமே இல்லை. முன்னால் நாலு பேர் நின்றதால் நாமும் க்யூவில் நின்றோம் என்பதற்கான ரசீது அது. டீக்கடையில் கூட்டம் இருந்தால் டீ நன்றாக இருக்கும் என்று நம்பலாம். கூட்டத்தைப் பார்த்துத்தான் கூட்டம் வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுமா?

"இருந்துட்டுப் போகட்டும், பாட்டுதானே, இதுல யாருக்கு என்ன நட்டம்" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பைசா கணக்கிலேயே இருக்கிறது. 2024லிருந்து ஸ்பாட்டிஃபை ஒரு விதி வைத்திருக்கிறது. ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 1,000 தடவை கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு ராயல்டி. 999 என்றால் சைபர். பெரிய படத்துப் பாட்டுக்கு ஆயிரம் என்பது கண்ணிமைக்கிற நேரம். தானே எழுதி, தானே பாடி ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ அது மலை. அந்த மலையை ஏற்றிவிட ஒரு ஆப்புக்கு எந்த அவசரமும் கிடையாது. பேர் சொல்லி, காரணம் சொல்லி "இதைக் கேளு" என்று ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொன்னால்தான் நடக்கும்.

நம்ம ஊர்ப் பக்கமே பாருங்கள். அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுகிற மரபு கொங்குநாட்டில் இருக்கிறது. பொன்னர் சங்கர் என்றால் எல்லாருக்கும் தெரியும். உடுக்கைப் பாட்டாக அதை முழுசாகக் கேட்டவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர்? 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்து கிராமத்தில் வந்து தங்கி, டேப் ரெக்கார்டரில் அதைப் பதிவு செய்து, 1982ல் அதைப்பற்றிப் புத்தகம் போட்டவர் ப்ரெண்டா பெக். கனடாக்காரர்! நமக்கு நம் பாட்டைப் பரிந்துரை செய்ய கனடாவிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

வள்ளி கும்மிக்கு இப்போது நல்ல காலம். ஆட்டத்துக்குப் பெண்களையும் சேர்த்துப் பழக்கிய மேட்டுப்பாளையம் பக்கத்துப் பெரியவர் பத்ரப்பனுக்கு 2024ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி சேலை கட்டி ஆடுகிற வீடியோ எல்லார் ஸ்டேட்டஸிலும் வருகிறது. சந்தோஷம். ஆனால் அதன் கீழே எழுதியிருப்பது என்ன? "கெத்து", "மாஸ்". பாடுகிறவர் யார், வள்ளி கதையில் எந்த இடம் ஓடுகிறது என்று ஒருத்தர் ஒரு வரி எழுதினால் கேட்கிறவனுக்குக் காது திறக்கும். இல்லாவிட்டால் அது கூட்டத்தின் வீடியோ, பாட்டின் பரிந்துரை அல்ல.

இன்னொரு பக்கம் ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் மலை ஒன்றுதான். அங்கிருக்கிற இருளர் பெண் நஞ்சியம்மா, ஆடு மாடு மேய்த்துக்கொண்டே பாடியவர். 2020ல் வந்த 'ஐயப்பனும் கோஷியும்' மலையாளப் படத்தில் தன் மொழியிலேயே பாடினார். அவரை எந்த ஆப்பும் கண்டுபிடிக்கவில்லை. அதே படத்தில் நடித்த பழனிசாமி என்ற இருளர் கலைஞரின் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர் அவர். மனுஷன் மனுஷனுக்குச் சொல்லி இயக்குநர் சச்சியின் காதுக்குப் போன குரல். 2022ல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவித்தார்கள். உடனே என்ன வந்தது? "ஸ்ருதி சேர்த்துப் பாடத் தெரியாதவருக்கு விருதா" என்று இசைத்துறைக்குள்ளிருந்தே ஒரு குரல். நல்லவேளை, இசைத்துறைக்குள்ளிருந்தே பல பேர் அவருக்காகப் பேசவும் செய்தார்கள்.

இங்கேதான் நம்ம ஊர் மேதாவிகளையும் நாலு சாத்து சாத்த வேண்டியிருக்கிறது. லிங்க் தள்ளுகிறவன் காரணம் சொல்லாமல் "கேளு" என்கிறான். மேதாவி காரணம் சொல்லாமல் "இதெல்லாம் ஒரு பாட்டா" என்கிறான். ரெண்டும் ஒரே சோம்பேறித்தனம். ஒருத்தன் கர்நாடக சங்கீதத்துக்குக் கீழே இறங்கமாட்டான். ஒருத்தன் இங்கிலீஷ் ராக் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்பான். அப்புறம் ஹாஸ்டலில் வருஷா வருஷம் நடக்கிற ராஜாவா ரகுமானா உலகப்போர். 'அன்னக்கிளி' வந்தது 1976ல். 'ரோஜா' வந்தது 1992ல். நாம் யாரும் பிறக்கவே இல்லை. ரகுமான் சின்ன வயசில் இளையராஜாவிடமே கீபோர்டு வாசித்தவர். 1986ல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் சேர்ந்தே இசை கொடுத்தார்கள். வாசிக்கிறவர்கள் ஒற்றுமையாக இருக்கிறார்கள். கேட்கிறவன்தான் கட்சிக்கொடி பிடிக்கிறான். இந்தச் சண்டையில் யாராவது ஒருத்தர், எதிர்க்கட்சிக்காரனுக்கு ஒரே ஒரு பாட்டைக் காரணத்தோடு கேட்கக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இனி நீங்கள் கேட்கப்போகிற கேள்விகளை நானே கேட்டுவிடுகிறேன்.

ஒன்று. "ஆப் இல்லேன்னா எனக்குப் பாதிப் பாட்டு தெரிஞ்சே இருக்காது." உண்மை. எனக்கும்தான். ஆப் ஒரு பெரிய கடை. கடை வேண்டும். ஆனால் கடையில் முன்வரிசையில் அடுக்கியிருப்பதைச் சிநேகிதனின் சிபாரிசு என்று யாரும் சொல்லமாட்டோம் இல்லையா? பிடிக்கவில்லை என்றால் ஆப்பிடம் போய்ச் சண்டை போட முடியாது. ஸ்கிப் பண்ணத்தான் முடியும். சிநேகிதனிடம் "என்னடா இதைப் போய்ச் சொன்னே" என்று கேட்கலாம். அவன் "ரெண்டாவது தடவை கேட்டியா" என்று திருப்பிக் கேட்பான். அந்த இடத்தில்தான் ரசனை வளர்கிறது.

இரண்டு. "எனக்கு ராகம் தாளம் எதுவும் தெரியாது, நான் எப்படிக் காரணம் சொல்றது?" ராகம் யார் கேட்டது? பல்லடம் ரோட்டிலும் பொள்ளாச்சி ரோட்டிலும் தனியார் பஸ் ஓட்டுகிற டிரைவர் அண்ணன்களைப் பாருங்கள். காலையில் எது, மத்தியானம் வெயிலில் எது, ராத்திரிக் கடைசி நடைக்கு எது என்று பென் டிரைவில் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை கண்டக்டரிடம் "ஏனுங்ணா, கடைசி ட்ரிப்புக்கு மட்டும் ஏன் இந்தப் பாட்டெல்லாமுங்க?" என்று கேட்டேன். "வேலை முடிஞ்சு போறவங்க தூங்கோணும், டிரைவர் தூங்கக் கூடாது, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பாட்டு கண்ணு இது" என்றார். இதைவிடத் துல்லியமான காரணத்தை எந்த விமர்சகர் சொல்லிவிடப் போகிறார்? ஒரு ராகத்தின் பெயர்கூட இல்லை.

மூன்று. "பாட்டு டைம்பாஸுக்குத்தானே, எதுக்குப்பா இவ்ளோ சீரியஸ்?" தாராளமாக டைம்பாஸுக்குக் கேளுங்கள். துணி துவைக்கிறபோது எதுவும் ஓடட்டும். ஆனால் டைம்பாஸுக்கு ஓடினதை அடுத்தவன் தலையில் கட்டாதீர்கள். உங்கள் டைம் பாஸ் ஆச்சு, அவன் டைம் ஏன் பாஸ் ஆக வேண்டும்?

சரி, வாய்கிழியப் பேசியாச்சு. என்ன செய்யலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு நேரத்தில் ஒரே பாட்டு. பாட்டோடு பாடியவர், எழுதியவர், இசை, வருஷம். அதற்குக் கீழே ஏன் என்று ரெண்டு வரி. வாங்குகிறவனுக்கும் கடமை உண்டு. ரெண்டு தடவை கேட்க வேண்டும், பிடிச்சதோ பிடிக்கலையோ வாயைத் திறந்து சொல்ல வேண்டும், பதிலுக்கு ஒரு பாட்டு தர வேண்டும். கட்டைவிரல் செல்லாது.

ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு நான் ஒதுங்கக் கூடாது இல்லையா. இதோ என் கையெழுத்தோடு ஒன்று. 1986ல் இளையராஜா வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்?' என்ற தொகுப்பு. சினிமா இல்லை, பாடகர் இல்லை. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தது. வயலின் வி.எஸ். நரசிம்மன். அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று வரும். பாக் தனி வயலினுக்காக எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டாவின் முதல் பகுதியை எடுத்து, அதன் மேல் ராஜா தன் வீட்டைக் கட்டுகிறார். ஏன் சொல்கிறேன் என்றால், ரெண்டு பெரிய ஆட்கள் சந்தித்தால் ஒருத்தர் இன்னொருத்தரை அமுக்க வேண்டும் என்று நினைக்கிற ராஜா ரகுமான் கட்சிக்காரர்களுக்கு இது மருந்து. இதில் ஒருத்தர் தரையாகப் படுத்துக்கொள்ள, இன்னொருத்தர் மேலே நடக்கிறார். முதல் தடவை அவசரமாக ஓடுகிற மாதிரி இருக்கும். ரெண்டாவது தடவை அடியில் ஓடுகிற வயலினை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். பிடிக்கவில்லை என்றால் கேன்டீனில் என்னைப் பிடித்துக் கேட்கலாம். டீ என் செலவு.

இனிமேல் குரூப்பில் வெறும் லிங்க் வந்து விழுந்தால் என்னிடமிருந்து கட்டைவிரல் வராது, நெருப்பும் வராது. ஒரே ஒரு வார்த்தைதான் வரும்: "ஏன்?"

டிஸ்கி: மாற்றுமுறை ஆவணச் சட்டக் கேள்விக்குப் பாட்டு, கேசட், கண்டக்டர் என்று உதாரணம் எழுதி மார்க் போனால் அடியேன் பொறுப்பல்ல. அந்த ஒன்றுக்கு மட்டும் சான்ஸ் ரிகோர்ஸ் :-)